கணக்கில் கெட்டியான பிள்ளைக்கு வகுப்பில் என்ன வேலை?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் தேர்வான என்.எம்.எம்.எஸ். முடிவு வெளியானதும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரசு நடுநிலைப் பள்ளிகளின் சுற்றுச்சுவரில் பிளக்ஸ் ஏறிவிடும். பாலக்கோடு பக்கம் போனாலும் ஊத்தங்கரை பக்கம் போனாலும் ஒரே அச்சு: தேர்வான பிள்ளைகளின் பாஸ்போர்ட் படம், கீழே ஆசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவின் வாழ்த்து. அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு விதமாகக் குழம்புகிறார்கள். தேர்வான வீட்டில், "பையன் கணக்குல புலி போல, ஏதாவது ரெசிடென்ஷியல்ல போட்டுடலாமா?" என்ற பேச்சு. தேர்வாகாத வீட்டில் வேறு கேள்வி: "சந்தையில கடைக்காரர் கூட்டி முடிக்கறதுக்குள்ள பாப்பா தொகையைச் சொல்லிடறா, பரீட்சையில மட்டும் ஏன் அறுபதைத் தாண்டலை?" கணக்கு ஆசிரியரின் பாடு இன்னும் சிக்கல். வகுப்பில் பத்துப் பதினைந்து பேர் வகுத்தலிலேயே தடுமாறும்போது, முந்திப் போய்விட்ட ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

கெட்டிக்காரப் பிள்ளைக்கு இன்னும் நாலு கணக்கு கூடுதலாகக் கொடுப்பது, அடுத்த வகுப்புப் புத்தகத்தைக் கையில் திணிப்பது என்று இரண்டு வழிகள்தான் நமக்குப் பழக்கம். இரண்டுமே பாதி வழிதான். அதே பாடத்தில், அதே பீரியடில், ஒரு படி ஆழமான கேள்வியைக் கேட்பதுதான் சாதாரணப் பள்ளியில் ஒரே ஆசிரியரால் செய்யக்கூடிய வேலை. அது ஏன், எப்படி என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

யாரைச் சொல்கிறோம்?

கல்வித் துறைச் சுற்றறிக்கைகளில் "மெல்லக் கற்போர்", "மீத்திறன் மாணவர்" என்ற இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஆசிரியர் அறைப் பேச்சில் மெல்லக் கற்பவர் என்றால் 35 மார்க் எடுக்கச் சிரமப்படுபவர். மீத்திறன் என்றால் தொண்ணூறைத் தாண்டுவார், சென்டம் வாங்குவார் என்று நம்பப்படுபவர். இரண்டுமே மார்க்கை வைத்துச் சொல்லப்படுபவை. கணிதத் திறன் என்பது அதிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கும் விஷயம். மூன்று வகைப் பிள்ளைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

1. நன்றாகப் படிக்கும் பிள்ளை. சொல்லிக் கொடுத்த முறையைப் பிசகாமல் செய்வார். நோட்டு சுத்தமாக இருக்கும். புத்தகத்தில் இல்லாத கேள்வி வந்தால் "இது நடத்தலையே சார்" என்பார்.

2. வேகமாகக் கணக்கிடும் பிள்ளை. மனக்கணக்கில் மின்னல். அபாகஸ் வகுப்புகள் வளர்ப்பது இதைத்தான். நல்ல பயிற்சிதான், ஆனால் 347-ஐ 28-ஆல் மனதில் பெருக்குவதும், இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் ஏன் எப்போதும் இரட்டை எண் வருகிறது என்று காரணம் காட்டுவதும் வேறு வேறு வேலை.

3. கணித மூளை உள்ள பிள்ளை. இவர் முதல் இரண்டு வகையிலும் இருக்கலாம், இரண்டிலும் இல்லாமலும் போகலாம். அங்கேதான் சிக்கல்.

மூன்றாம் வகையை எப்படி அடையாளம் காண்பது என்பதற்கு இன்றும் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, சோவியத் உளவியலாளர் வாதிம் குருதெத்ஸ்கி 1955 முதல் 1966 வரை பள்ளிப் பிள்ளைகளிடம் செய்தது. விடை சரியா தவறா என்று மட்டும் பார்க்காமல், கணக்குப் போடும்போதே பிள்ளைகளை வாய்விட்டுப் பேச வைத்து, யோசனை போகும் வழியைக் கவனித்தார். அவர் கண்டதில் வகுப்பறைக்கு உதவக்கூடியவை இவை:

1. கதையை உதறிவிட்டு அமைப்பைப் பிடிப்பது. மாம்பழக் கூடைக் கணக்கும் கட்டட வேலைக் கூலிக் கணக்கும் "ரெண்டும் ஒரே கணக்குதான்" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

2. ஒரே ஓர் எடுத்துக்காட்டிலிருந்து பொது விதிக்குப் போவது. மற்றவர்களுக்குப் பத்துக் கணக்கு தேவைப்படும் இடத்தில் இவர்களுக்கு ஒன்று போதும். மிச்சம் ஒன்பதும் இவர்களுக்குத் தண்டனை.

3. நடுப் படிகளைச் சுருக்கிவிடுவது.

4. போன வழியே திரும்பி வருவது. விடையிலிருந்து கேள்விக்குப் போகச் சொன்னாலும் திணறுவதில்லை.

5. நினைவு. எண்களை மறந்துவிடுவார்கள்; கணக்கின் வகையையும் தீர்த்த வழியையும் மறக்க மாட்டார்கள்.

வேகம், கூட்டல் பெருக்கலில் சுறுசுறுப்பு, எண்களை ஞாபகம் வைத்துக்கொள்வது ஆகியவை கணிதத் திறனுக்குக் கட்டாயத் தேவை இல்லை என்றும் அவர் சொன்னார். மெதுவாக யோசிக்கும், கூட்டலில் அவ்வப்போது சறுக்கும் பிள்ளைகூட இந்தப் பட்டியலில் வரலாம். சிலர் எழுத்தாலும் குறியீட்டாலும் யோசிப்பார்கள், சிலர் படமாக யோசிப்பார்கள், சிலருக்கு இரண்டும் கைவரும் என்பது அவர் பிரித்துக் காட்டிய இன்னொன்று.

ஸ்டெப் மார்க்கில் ஒளிந்துபோகும் பிள்ளை

மேலே சொன்ன மூன்றாவது குணம், அதாவது நடுப் படிகளைச் சுருக்குவதுதான், நம் முறையோடு நேருக்கு நேர் மோதுகிறது. ஏழாம் எட்டாம் வகுப்புச் சமன்பாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 3(x + 4) = 27. பாடத்தில் நடத்தும் வழி, அடைப்பை விரித்து 3x + 12 = 27 என்று எழுதி, 12-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய், 3x = 15, எனவே x = 5. நாலு வரி.

கணித மூளை உள்ள பிள்ளை அடைப்பை விரிப்பதே இல்லை. "மூணு மடங்கு 27-ன்னா உள்ளே இருக்கறது 9. 9-ன்னா x அஞ்சு." நோட்டில் x = 5 என்று ஒரே வரி இருக்கும். திருத்துபவருக்கு முன்னால் இரண்டு சாத்தியம்: பக்கத்தில் பார்த்து எழுதியிருக்கலாம், அல்லது தானே கண்டுபிடித்திருக்கலாம். முப்பது நாற்பது நோட்டு திருத்த வேண்டிய மாலையில் எதை நினைக்கத் தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு மையில் "ஸ்டெப்ஸ்?" என்று எழுதி, இரண்டு மார்க்கில் அரையோ ஒன்றோ விழும். விரித்து எழுதிய வழியைவிட விரிக்காமல் பார்த்த வழி கணிதப்படி நயமானது என்பது அந்த நோட்டில் எங்கும் பதிவாகாது.

பொதுத்தேர்வுக்கு வந்தால் இது இன்னும் இறுகும். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் 100-க்கு 14 மார்க் மட்டுமே ஒரு மதிப்பெண் வினா. மற்றது இரண்டு மார்க்காக 20, ஐந்து மார்க்காக 50, வடிவியல் வரைதலும் வரைபடமும் சேர்ந்து 16. அதாவது 86 மார்க் எழுதிக் காட்டுவதற்கு. மாலை ஸ்பெஷல் கிளாஸில் "ஜியோமெட்ரியும் கிராஃபும் போட்டுப் பழகிட்டா பதினாறு கையில" என்று சொல்லப்படுவது நியாயமான ஆலோசனைதான். தோல்வியின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்கு அதுதான் உயிர்நாடி. ஆனால் அதே ஆலோசனையை வகுப்பு முழுக்கப் பொதுவாக்கிவிட்டால், முன்னால் போன பிள்ளையும் ஆண்டு முழுவதும் தொடுகோடு வரைந்துகொண்டே இருக்கும்.

அதற்காக ஸ்டெப்ஸே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ராமானுஜனை இழுக்காமல் தமிழில் இந்தப் பேச்சை முடிக்க யாருக்கும் மனம் வராது; ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் கதையைவிட இங்கே பொருந்துவது வேறொன்று. பதின்ம வயதில் அவர் கைக்கு வந்த கார் என்பவரின் புத்தகம், ஆயிரக்கணக்கான முடிவுகளைப் பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் அடுக்கிய தொகுப்பு. அவருடைய நோட்டுகளும் அதே பாணியில் முடிவுகளை மட்டும் தாங்கின. 1913-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் போனபோது அங்கிருந்து வந்த முதல் வேண்டுகோளே நிரூபணங்களை அனுப்புங்கள் என்பதுதான். தெரிவது ஒன்று, அடுத்தவரை நம்பவைப்பது இன்னொன்று. மார்க்குக்காக ஸ்டெப் என்று சொன்னால் இந்தப் பிள்ளைகளுக்கு அது எரிச்சல். "உன் விடையை நான் நம்பலை, நம்ப வை பார்ப்போம்" என்றால் எழுதுவார்கள். நோட்டில் சுருக்கமாகப் போட விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒரு கணக்கை மட்டும் சந்தேகப்படுபவருக்கு விளக்குவதுபோல முழுக்க எழுதச் சொன்னால் பொதுத்தேர்வுக்கும் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

உதவித்தொகைத் தேர்வுகள் எதை அளக்கின்றன?

பிளக்ஸில் படம் வந்தால் கணித மேதை என்று எடுத்துக்கொள்ளலாமா? தேர்வின் அமைப்பைப் பார்த்தால் தெரியும்.

1. என்.எம்.எம்.எஸ்.: எட்டாம் வகுப்பில் எழுதுவது. குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ரூ.12,000. மனத்திறன் பகுதிக்கு 90, படிப்பறிவுப் பகுதிக்கு 90. படிப்பறிவில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. மொத்தம் 180-இல் பாடக் கணக்கு 20 மட்டுமே. மனத்திறன் பகுதியில் எண் தொடர், உருவ வரிசை வரும் என்றாலும் அவை பழகப் பழக வசப்படும் வகை.

2. ஊரகத் திறனாய்வுத் தேர்வு: கிராமப்புறங்களில் உள்ள அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண். தொகை சிறிது, மதிப்பு பெரிது.

3. முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு: மாநிலம் முழுதும் 500 மாணவர், 500 மாணவியர், ஆண்டுக்கு ரூ.10,000. இதில் கணக்குக்கே தனித்தாள் உண்டு.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளை எட்டாம் வகுப்போடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் முதல் திட்டத்தின் நோக்கம். அதை அது செய்கிறது. கணித மூளையைத் தேடும் வலையாக அதை யாரும் வடிவமைக்கவில்லை. தேர்வானவர் எல்லாரும் கணித மூளைக்காரர் என்பதும் பொய், தேர்வாகாதவருக்குத் திறன் இல்லை என்பதும் பொய்.

சர்வதேச அளவில் கணித ஒலிம்பியாடுக்கு ஆள் எடுக்கும் ஐ.ஓ.க்யூ.எம். என்ற முதல்நிலைத் தேர்வோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். எட்டாம் வகுப்பிலிருந்து எழுதலாம். மூன்று மணி நேரத்துக்கு முப்பதே கேள்வி. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை கிடையாது. விடை 0 முதல் 99 வரை ஏதோ ஒரு முழு எண். ஒரு கேள்விக்குச் சராசரியாக ஆறு நிமிடம் என்பதே, அது வேகத்தைச் சோதிக்க வரவில்லை என்பதற்குச் சாட்சி.

நம் வட்டாரத்தில் ஏன் கண்ணில் படுவதில்லை?

கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போகும் குடும்பங்கள் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் எத்தனை என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பிள்ளை சில மாதம் பாட்டி வீடு, சில மாதம் வேலை நடக்கும் இடம். பின்னம் நடத்திய மாதம் வகுப்பில் இல்லாத பிள்ளைக்குப் பின்னம் வராது. அது திறன் குறைவு இல்லை, நடுவில் விழுந்த ஓட்டை. கணிதத்தில் ஓட்டையும் மூளையும் ஒரே பிள்ளையிடம் இருக்க முடியும் என்பதை மார்க் பட்டியல் காட்டாது.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் இன்னொரு தடை. வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம், புத்தகத்தில் தமிழ். "ஒருவர் தன்னிடமுள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்கை..." என்று ஆரம்பிக்கும் வாக்கியக் கணக்கு அந்தப் பிள்ளைக்கு முதலில் மொழிப் பரீட்சை, அப்புறம்தான் கணக்கு. இப்படிப்பட்ட இடங்களில் எண் வரிசை, புள்ளி வடிவம், தீக்குச்சி அடுக்கு போன்ற சொல் குறைந்த கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தால் வேறு முகங்கள் எழுந்து நிற்கும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பேச்சு வழக்கே காட்டிக் கொடுக்கிறது. பையன் நல்ல மார்க் எடுத்தால் "மூளைக்காரன்". அதே மார்க்கைப் பெண் எடுத்தால் "ஒழுங்காப் படிக்கற பொண்ணு". உழைப்பாளி என்று பெயர் வாங்கிவிட்ட பெண்ணிடம் யாரும் கடினமான கேள்வியைக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் வீட்டில் கல்யாணப் பேச்சு எழும் ஊர்களில் இதற்கு விலை அதிகம்.

அரசின் கவனமும் பெரும்பாலும் பின்தங்கியவர்கள் மேல். 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு 2025-இல் வந்த திறன் இயக்கம் இரண்டும் அடிப்படையைச் சரிசெய்ய வந்தவை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நோயாளி அதிகம் இருக்கும் வார்டுக்குத்தான் மருத்துவர் முதலில் போக வேண்டும். மறுமுனைக்கு மாவட்ட மாதிரிப் பள்ளி இருக்கிறது. அது ஒன்பதாம் வகுப்புக்கு மேல். ஆறிலிருந்து எட்டு வரை, கணித ஆர்வம் முளைக்கிற அல்லது கருகுகிற அந்த மூன்று ஆண்டு, முழுக்க வகுப்பு ஆசிரியர் கையில்.

வழக்கமாகச் செய்யும் மூன்று

முதலில் முடித்துவிட்ட பிள்ளைக்கு "அடுத்த பத்தையும் போடு". சீக்கிரம் முடித்தால் கூடுதல் வேலை என்று புரிந்துகொண்ட பிள்ளை அடுத்த நாளிலிருந்து மெதுவாகப் போட ஆரம்பித்துவிடும். சும்மா சொல்லக் கூடாது, அதுவும் ஒரு கணக்குதான்.

இரண்டாவது, குழுத் தலைவராக்குவது. "நீ முடிச்சிட்டியா, பக்கத்துல இருக்கறவனுக்குச் சொல்லிக் கொடு." எப்போதாவது செய்தால் நல்லது, விளக்கும்போது தனக்கும் தெளியும். தினமும் செய்தால், சம்பளம் இல்லாத உதவி ஆசிரியராகிவிடும் பிள்ளை தன் பங்குக்குப் புதிதாக எதையும் கற்பதில்லை. நாலு வரியைத் தாண்டிப் போகிற மூளைக்கு நாலு வரியை விளக்கத் தெரியாமலும் போகலாம். அப்போது இரண்டு பேருக்கும் சலிப்பு.

மூன்றாவது, அடுத்த வகுப்புப் புத்தகம். இதைக் கீழே தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒரு பஸ் கணக்கை நீட்டிப் பார்த்தால்

ஆறாம் வகுப்பில் மீச்சிறு பொது மடங்கு வருகிறது. எல்லாப் புத்தகத்திலும் உள்ள கணக்கு ஒன்றை நம் ஊருக்கு மாற்றி எழுதுவோம். நேரம் கற்பனை, டைம் கீப்பர்கள் மன்னிக்கவும்.

"தருமபுரி பஸ் ஸ்டாண்டில் சேலத்துக்கு 12 நிமிடத்துக்கு ஒரு பஸ், கிருஷ்ணகிரிக்கு 18 நிமிடத்துக்கு ஒரு பஸ். காலை 6 மணிக்கு இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. மறுபடி எப்போது ஒன்றாகக் கிளம்பும்?"

12, 18 இரண்டின் மீ.சி.ம. 36. விடை 6:36. வகுப்பு இதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது முன்னால் முடித்துவிட்டவரிடம் இப்படிக் கேட்கலாம்:

"அரூருக்கு 15 நிமிடத்துக்கு ஒரு பஸ். ஆனா முதல் பஸ் 6:05-க்கு. மூணும் ஒண்ணா எப்போ கிளம்பும்?"

பழக்கத்தில் 12, 15, 18-க்கு மீ.சி.ம. 180 என்று போட்டு 9 மணி என்பார்கள். சரிபார்க்கச் சொல்லுங்கள். அரூர் பஸ் 6:05, 6:20, 6:35, 6:50, 7:05 என்று போகிறது. 9 மணிக்கு அரூர் பஸ்ஸே கிடையாது. சரி, சேலம் பஸ்ஸும் கிருஷ்ணகிரி பஸ்ஸும் சேரும் நேரங்கள் 6:36, 7:12, 7:48, 8:24, 9:00. எதிலும் அரூர் பஸ் இல்லை. இன்னும் நீட்டினாலும் இல்லை. "வரவே வராதா சார்?" என்ற கேள்வி வந்துவிட்டால் அன்றைய பீரியட் வெற்றி.

ஏன் வராது? 6 மணியிலிருந்து நிமிடங்களை எண்ணினால் முதல் இரண்டும் சேரும் நேரங்கள் 36, 72, 108... எல்லாமே 3-ஆல் மீதியின்றி வகுபடும். அரூர் பஸ் கிளம்பும் நிமிடங்கள் 5, 20, 35, 50... ஒவ்வொன்றையும் 3-ஆல் வகுத்தால் மீதி 2. இரண்டு வரிசையும் சந்திக்க வழியே இல்லை. "இல்லை" என்பதை எல்லா நேரத்தையும் எழுதிப் பார்க்காமலே உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை தன் கையால் செய்த முதல் நிரூபணம் இதுவாகக்கூட இருக்கலாம்.

அங்கேயே நிறுத்த வேண்டாம். "முதல் அரூர் பஸ்ஸை 6:00-லிருந்து 6:14-க்குள்ள எப்போ விட்டா மூணும் சந்திக்கும்?" 6:03 என்று வைத்தால் 7:48-க்குச் சந்திக்கின்றன. தொடர்ந்து தேடினால் 6:00, 6:03, 6:06, 6:09, 6:12 ஆகிய ஐந்துக்கு மட்டுமே விடை கிடைக்கும். மற்ற பத்துக்கு எப்போதுமே கிடையாது. சந்திக்கும் நேரங்கள் முறையே 9:00, 7:48, 6:36, 8:24, 7:12. இவற்றை வரிசைப்படுத்தினால் மேலே எழுதிய அதே ஐந்து நேரங்கள், ஒன்றுகூட விடுபடாமல், ஒன்றுகூட இருமுறை வராமல். ஏன் அப்படி என்று ஒரு வாரம் யோசிக்கட்டும்.

பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் என்ற பகுதி வரும். இதே மீதிக் கணக்கு அங்கே குறியீட்டோடு நடத்தப்படும். கல்லூரியில் சீன மீதித் தேற்றம் என்று பெயர். அந்தப் பிள்ளைக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தேவைப்படவில்லை, மீ.சி.ம. பாடத்தை விட்டு வெளியே போகவும் இல்லை. பக்கத்து பெஞ்சில் 12-க்கும் 18-க்கும் மடங்கு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையும் முதல் இரண்டு கேள்வி வரைக்கும் கூட வர முடியும்.

பாடநூல் கணக்கை இப்படி நீட்ட நாலைந்து வழிகள் போதும். திருப்பிக் கேட்பது ஒன்று: பரப்பளவு கண்டுபிடி என்பதற்குப் பதில், பக்கங்கள் முழு எண்ணாக இருந்து, பரப்பளவும் சுற்றளவும் ஒரே எண்ணாக வரும் செவ்வகம் கண்டுபிடி என்பது. 4-க்கு 4 கிடைக்கும், 3-க்கு 6 கிடைக்கும். "எல்லாம் கிடைச்சிடுச்சா, இன்னும் இருக்கா? இல்லைன்னு எப்படிச் சொல்றே?" என்பது அடுத்தது, காரணிப்படுத்தல் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை இதை முடித்து வைக்கலாம். நிபந்தனை ஒன்றைத் தளர்த்துவது, எப்போது இது நடக்காது என்று கேட்பது, இரண்டாவது வழியில் போட்டுக் காட்டச் சொல்வது ஆகியவை மற்றவை.

நாற்பது பேர், ஒரு பீரியட்

கேட்க நன்றாக இருக்கிறது, நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நடைமுறை ஒழுங்கு இப்படி இருக்கலாம்:

1. பாடம் தொடங்கும் நாளிலேயே, அந்தப் பாடத்தின் கடைசிப் பயிற்சியிலிருந்து கடினமான நாலு கணக்கை எல்லோருக்கும் கொடுத்துவிடுவது. அதைப் போட்டுவிட்டவர்களுக்கு அந்தப் பாடத்தின் வழக்கமான பயிற்சியில் பெரும்பகுதி விலக்கு. அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் ரென்சுல்லி பாடத்தைச் சுருக்குதல் என்று பரப்பிய முறையின் சாரம் இதுதான். தெரிந்ததை மறுபடி செய்யவைக்காமல் மிச்சமாகும் நேரத்தைப் பயன்படுத்துவது.

2. மிச்சமாகும் நேரத்துக்கு வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி. தனி நோட்டு. விடை மட்டும் போதாது. என்ன முயன்றேன், எங்கே மாட்டிக்கொண்டேன் என்பதும் வேண்டும்.

3. கேள்வியைக் கரும்பலகையின் மூலையில் எல்லோருக்கும் பொதுவாக எழுதுவது. ஆர்வமுள்ள யாரும் முயலலாம். ஆசிரியர் எதிர்பார்க்காத கையெழுத்து திடீரென்று வரும். திறனைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான சோதனை இல்லை. முத்திரை குத்தித் தனி பெஞ்சில் உட்காரவைக்கும் சங்கடமும் இல்லை.

4. விடை ஆசிரியருக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. "எனக்கும் தெரியலை, நாளைக்குப் பார்ப்போம்" என்று ஒரு கணக்கு ஆசிரியர் சொல்வதைக் கேட்ட பிள்ளை, கணக்கு என்றால் உடனே விடை தெரிய வேண்டும் என்ற பயத்திலிருந்து வெளியே வரும்.

சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்ப் பள்ளிகளில் பல வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்து நடத்த வேண்டியிருக்கும். வேடிக்கை என்னவென்றால் இந்த முறை அங்கே இன்னும் எளிது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஏழாம் வகுப்புக் கணக்கை எட்டிப் பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை.

அடுத்த வகுப்புக்குத் தாண்டலாமா?

இந்தக் கேள்விக்கு ஆய்வுகள் சொல்லும் பதில் பெற்றோர் நினைப்பதைவிடச் சாதகமானது; அதனால்தான் கவனம் வேண்டும். ஜூலியன் ஸ்டான்லி 1971-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு, 12, 13 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வின் கணக்குத் தாளைக் கொடுத்துப் பார்த்தது. காரணம் எளிது: தன் வகுப்புத் தேர்வில் பத்துப் பேர் சென்டம் வாங்கினால், அந்தப் பத்துப் பேருக்குள் உள்ள வித்தியாசத்தை அந்தத் தேர்வு காட்டாது. உச்சியில் இருந்தவர்களைப் பல பத்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், தக்கவர்களை வேகமாக முன்னே அனுப்பியது பொதுவாக நல்ல பலனையே தந்தது.

ஆனால் அங்கே முன்னே அனுப்பியது பெரும்பாலும் கணக்கில். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கணிதவியலாளர் டெரன்ஸ் டாவ் எட்டு வயதில் அந்தத் தேர்வின் கணக்குப் பகுதியில் 800-க்கு 760 எடுத்தவர். அப்போதும் பெற்றோர் அவரை எல்லாப் பாடத்திலும் ஒரே தாவலில் தூக்கிவிடவில்லை. எந்தப் பாடத்தில் எவ்வளவு தூரம் போயிருந்தாரோ அந்த அளவு வகுப்பில் உட்கார்ந்தார். நம் அரசுப் பள்ளி அமைப்பில் அப்படிப் பாடவாரியாகத் தாண்ட இடம் குறைவு. தலைமையாசிரியர் மனம் வைத்தால், ஏழாம் வகுப்புப் பிள்ளையைக் கணக்கு பீரியடில் மட்டும் ஒன்பதாம் வகுப்பில் உட்கார அனுமதிப்பது முடியாத காரியம் இல்லை. மேல்நிலைப் பள்ளி வளாகங்களில் கால அட்டவணை மட்டும்தான் தடை.

ரெசிடென்ஷியல் பள்ளிகளில் "ஒன்பதிலேயே பதினொன்று ஆரம்பித்துவிடுவோம்" என்று சொல்வது இதோடு சேர்ந்தது இல்லை. அங்கே முழு வகுப்பும் ஒரே வேகத்தில் முன்னே ஓட்டப்படுகிறது. நோக்கம் இரண்டு ஆண்டுப் பாடத்தை மூன்று நாலு முறை திருப்பிப் போடுவது. அதே நாலு வரியை இன்னும் கூடுதல் தடவை எழுதுவதுதான் நடக்கும். மார்க் வரலாம். ஒரு கணக்கோடு ஒரு வாரம் மல்லுக்கட்டும் பழக்கம் அங்கே வளராது. சேர்க்கைக்குப் போகும் பெற்றோர், சென்ற ஆண்டு எத்தனை சென்டம் என்று கேட்பதோடு இவற்றையும் கேட்டுவிடலாம்:

1. பாடநூலிலும் கைடிலும் இல்லாத கணக்கைப் பிள்ளைகள் எப்போது போடுகிறார்கள்? வாரத்தில் எந்த பீரியட்?

2. வேறு வழியில் போட்டு விடை சரியாக வந்தால் மார்க் உண்டா?

3. ஐ.ஓ.க்யூ.எம்., இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டி போன்றவற்றுக்கு யாரையாவது அனுப்பியிருக்கிறார்களா? பரிசு வந்ததா என்பது இரண்டாம் பட்சம்.

4. நூலகத்தில் கணக்குக்கென்று, கைடு தவிர, என்ன இருக்கிறது? துளிர் போன்ற சிறுவர் அறிவியல் இதழாவது வருகிறதா?

அரசுப் பள்ளியிலேயே தொடர்வது என்று முடிவானால், இதே நாலு கேள்வியைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கலாம். அங்கே பெற்றோர்தான் பெரும்பான்மை; கூட்டக் குறிப்பேட்டில் ஏறினால் அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.